லிப்ஸ்டிக் செடி பூக்கவில்லை, ஃபுக்‌ஷியா பிழைக்கவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது. காலையில் சுமார் நான்கு மணி நேரம் வெயில் விழும், பிற்பகலில் நிழல், காற்று அதிகம். கோடையில் இரவிலும் புழுக்கம்தான். வழக்கமான பூச்செடிகள் போதும் என்று தோன்றி, யாரிடமும் இல்லாத செடிகளாகத் தேடி வாங்கினேன். ஃபுக்‌ஷியா மொட்டு மொட்டாக உதிர்த்துவிட்டு ஒரே மாதத்தில் செத்துவிட்டது. லிப்ஸ்டிக் செடி ஒரு முழத்துக்கு மேல் தொங்குகிறது, ஒரு பூ கூட இல்லை. ஹோயா இரண்டு வருடமாக வெறும் இலை. வௌவால் பூச்செடியின் இலை ஓரமெல்லாம் கருகுகிறது. எல்லாவற்றுக்கும் நல்ல செம்மண்ணில் தொழுஉரம் கலந்துதான் வைத்தேன், தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அபூர்வச் செடிகளே எனக்கு ஒத்துவராதா? இணையத்தில் நீல ரோஜா விதையும் குரங்கு முக ஆர்க்கிட் விதையும் விற்கிறார்கள். அவற்றை முயன்று பார்க்கலாமா?

பதில்:

ஒத்துவரும். நீங்கள் வாங்கிய நான்கில் மூன்று செடிகள் உங்கள் பால்கனிக்குப் பொருத்தமானவைதான். சிக்கல் எங்கே என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "எல்லாவற்றுக்கும் நல்ல செம்மண்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான். ஒரு செடி கடையில் அபூர்வமாகக் கிடைக்கிறது என்பதால் அதை வளர்ப்பது கஷ்டம் என்று அர்த்தமில்லை, அதன் வேர் பழகிய வாழ்க்கை நாம் பழகிய தோட்டச் செடிகளுடையதாக இல்லை, அவ்வளவுதான். லிப்ஸ்டிக் செடியும் பெரும்பாலான ஹோயாக்களும் தரையில் முளைப்பவை அல்ல. ஆசியாவின் மழைக்காடுகளில் மரக்கிளைகள்மேல், பாசியும் காய்ந்த இலையும் சேர்ந்த இடுக்குகளில் வேரூன்றித் தொங்குபவை. மழை பெய்தால் வேர் முழுக்க நனையும், சற்று நேரத்தில் வடிந்து காற்றாடும். வௌவால் பூ தரையில்தான் வளரும், ஆனால் காட்டு மரங்களின் அடியில், மட்கிய இலைகளுக்கு நடுவே, வெயிலே படாத இடத்தில். ஃபுக்‌ஷியாவின் பெரும்பாலான இனங்கள் மத்திய, தென் அமெரிக்காவின் குளிர்ந்த மலைச்சரிவுகளைச் சேர்ந்தவை. இவை நான்குக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர் என்றால் எது தாங்கும்?

ஃபுக்‌ஷியா செத்ததற்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம், அது உங்கள் கையில் இல்லை. பகல் வெப்பத்தை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இரவும் சூடாகவே இருந்தால்தான் தாங்காது. பகலில் சேர்த்த உணவை இரவு முழுக்கச் சுவாசித்தே தீர்த்துவிடும், மிச்சமில்லாததால் முதலில் மொட்டைக் கைவிடும், அப்புறம் இலையை. இதில் இன்னொரு சிக்கல், ஈரமான மண்ணில் நிற்கும்போதே வெப்பத்தால் ஃபுக்‌ஷியா வாடித் தொங்கும். தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுவோம், வேர் அழுகும். வாடிய செடியைப் பார்த்தால் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுப்பதற்கு முன்னால் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் செடியை நிழலுக்கு மாற்றினாலே போதும். ஆசை விடவில்லை என்றால் ட்ரிஃபில்லா வகையைத் தேடுங்கள். பாவாடை விரித்தாற்போன்ற இரட்டை இதழ் இருக்காது, நீளமான ஆரஞ்சுச் சிவப்புக் குழல்கள் கொத்தாகத் தொங்கும். 1703இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்ல் ப்ளூமியே ஃபுக்‌ஷியா என்ற பெயரோடு முதன்முதலில் விவரித்த செடி இதுதான், கரீபியன் தீவில் கண்டது, அதனால் மற்ற வகைகளைவிட வெப்பம் தாங்கும். அதுவும் உங்கள் கோடையில் பூக்குமென்று உறுதி தர மாட்டேன், உயிரோடு கோடையைக் கடந்து குளிர் மாதங்களில் பூக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது மண். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். தோட்டத்தில் ஊற்றும் தண்ணீர் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும், அடியில் இருக்கும் மண்ணும் அதை இழுக்கும். தொட்டியில் அப்படி இல்லை. அடித்துளை வழியாகச் சொட்டுவது நின்ற பிறகும், அடியில் ஒரு பட்டை மண் நீரில் ஊறியபடியே இருக்கும். அந்தப் பட்டையின் உயரம் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்தது அல்ல, மண் துகள்கள் எவ்வளவு நைசாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நைசான செம்மண்ணில் அது அதிக உயரம் நிற்கும், மரப்பட்டைத் துண்டு மாதிரி பெரிய துகள்களில் மிகக் குறைவு. தொங்குதொட்டியோ பெரும்பாலும் ஆழமில்லாதது, ஆகவே செம்மண் போட்ட தொங்குதொட்டியில் கிட்டத்தட்ட பாதி வேர் எப்போதும் சேற்றிலேயே கிடக்கிறது. அடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ பரப்பினால் வடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வடியாது, ஊறிய பட்டை ஜல்லிக்கு மேலே நகரும், வேருக்கு இருந்த இடமும் குறையும். துளையை ஒரு வலைத்துண்டால் மூடுங்கள், அது போதும்.

லிப்ஸ்டிக் செடிக்கும் ஹோயாவுக்கும் நான் சொல்லும் கலவை: தேங்காய் மட்டைத் துண்டோ மரப்பட்டைத் துண்டோ இரண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்மணிகள்) அல்லது உடைத்த மரக்கரி ஒரு பங்கு, மேலே ஒரு கைப்பிடி மண்புழு உரம். மண்ணே கிடையாது. கோகோபீட்டையும் மட்டைத் துண்டையும் இரண்டு மூன்று முறை ஊற வைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள், அவற்றில் உப்பு இருக்க வாய்ப்பு உண்டு. வௌவால் பூவுக்கு மட்கிய இலை, கோகோபீட், பட்டைத் துண்டு மூன்றையும் சம அளவில் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும்.

மண் இல்லாத கலவைக்கு இன்னொரு காரணமும் உண்டு, எடை. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள அரைவட்டக் கூடை ஏழு லிட்டர் கொள்ளும். ஈரச் செம்மண்ணை நிரப்பினால் பத்துக் கிலோவைத் தாண்டும், கோகோபீட் கலவை என்றால் அதில் பாதிக்கும் கொஞ்சம் மேலே. உங்கள் பால்கனியில் காற்று அதிகம் என்கிறீர்கள், ஆடிக்கொண்டிருக்கும் பத்துக் கிலோ யார் தலைக்கு மேலேயும் இருக்கக் கூடாது. கொக்கி கான்கிரீட்டில் விரிவு ஆணியோடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பூச்சில் மட்டும் பிடித்திருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.

தினமும் தண்ணீர் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். தொங்குகூடை எல்லாப் பக்கமும் காற்றுபட்டு, தரையில் உள்ள தொட்டியைவிட வேகமாகக் காயும், அதனால் கோடையில் சிலவற்றுக்கு ஒரு நாளில் இருமுறை கூடத் தேவைப்படலாம், மழை நாளில் ஒரு வாரம் தேவைப்படாமலும் போகலாம். தண்ணீர் விட்டு நன்றாக வடிந்ததும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், அந்தக் கனம் கையில் நினைவிருக்கட்டும், பாதியாக லேசானதும் அடுத்த தண்ணீர். லிப்ஸ்டிக்குக்கும் ஹோயாவுக்கும் இது போதும். வௌவால் பூவை மட்டும் அவ்வளவு காய விடாதீர்கள். கூடை முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே வழிந்து ஓடிவிடும், நடுவேர் நனையவே நனையாது. அப்போது கூடையோடு ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் இறக்கி வையுங்கள். தென்னை நார் உறை போட்ட கம்பிக்கூடை என்றால் உறைக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, அடியில் நாலைந்து துளை போடுங்கள். பக்கவாட்டில் காய்வது குறையும்.

சரி, லிப்ஸ்டிக் செடிக்கு வருவோம். ஒரு முழம் தொங்குகிறது, பூவில்லை என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, தொழுஉரத்தின் தழைச்சத்து. அது இலையைத்தான் வளர்க்கும். இரண்டாவது, உயரம். நிறையப் பேர் கூடையைக் கூரையை ஒட்டி மாட்டுகிறார்கள். அங்கே தொங்கும் நுனிகளுக்கு வெளிச்சம் கிடைக்கும், தொட்டியின் தலைப்பகுதி இருட்டில் கிடக்கும், நாளடைவில் அடிப்பாகம் மொட்டையாகி, கொடி மட்டும் கயிறு போல நீளும். சங்கிலியை நீட்டி, தொட்டியின் மேற்பரப்பு உங்கள் கண்மட்டத்துக்கு வரும்படி இறக்குங்கள். காலை வெயிலில் முதல் இரண்டு மணி நேரம் அதற்கு நல்லது, அதன் பிறகு வடிகட்டிய வெளிச்சம். பூ கொடியின் நுனியில்தான் வரும், எனவே மொட்டு வரும் பருவத்தில் நுனியைக் கிள்ளினால் பூவையே கிள்ளிவிடுகிறீர்கள். பூத்து முடிந்த உடனே ஒவ்வொரு கொடியையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள், அதுதான் சரியான நேரம், வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும், நுனி பெருகினால் அடுத்த முறை பூவும் பெருகும். குளிர் மாதங்களில் சில வாரம் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பிடிப்பதும் மொட்டு வைக்கத் தூண்டும்.

ஹோயாவைப் பற்றி எனக்கு அதிகம் கேள்வி வருவதே "இரண்டு வருடமாகப் பூக்கவில்லை" என்றுதான். குச்சியிலிருந்து வளர்ந்த இளம் ஹோயா பூக்க இரண்டு மூன்று வருடம் எடுப்பது சாதாரணம், அது குறை அல்ல. ஆனால் தெரியாமலே நாம் அதைத் தள்ளிப்போடுகிறோம். இலையே இல்லாமல் நீளமாக ஒரு கொடி நீட்டிக்கொண்டு போகும், பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டிவிடுவோம். வெட்டாதீர்கள், இலையும் பூவும் பிற்பாடு அதில்தான் வரும். பூக்கொத்து உதிர்ந்ததும் மிஞ்சும் குட்டைக் காம்பையும் தொடாதீர்கள், பெரும்பாலான ஹோயாக்கள் அதே காம்பிலிருந்து வருடா வருடம் மறுபடி பூக்கும். காம்பை நறுக்கினால் அது புதிதாக ஒன்று வளர்க்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மொட்டு வந்த பிறகு இடம் மாற்றக் கூடாது. வேர் தொட்டியை நெருக்கி நிரப்பியிருப்பது ஹோயாவுக்குப் பிடிக்கும், அதனால் பொதுவாகத் தொட்டி மாற்ற வேண்டாம் என்றே சொல்வேன். உங்களுடையது செம்மண்ணில் இருப்பதால் இந்த ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், அதே அளவு தொட்டிக்கு. மண்ணை உதறும்போது வேரில் வெள்ளைப் பஞ்சு போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மாவுப்பூச்சி ஹோயாவின் கணுவிலும் வேரிலும் ஒளிந்துகொள்ளும். இருந்தால் வேரைக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் திரவமும் கலந்து மாலையில் தெளியுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம்.

இதோடு சேர்த்து ஒன்று. இதய வடிவில் ஒற்றை இலையைச் சின்னத் தொட்டியில் நட்டு ஹோயா என்று விற்பார்கள். அந்த இலையோடு கணுவும் ஒரு துண்டுத் தண்டும் இல்லையென்றால் அது வருடக்கணக்கில் ஒற்றை இலையாகவே நிற்கும், கொடி விடாது. அழகுக்கு வாங்கலாம், பூவுக்கு வாங்காதீர்கள்.

வௌவால் பூவை மட்டும் தொங்கவிடாதீர்கள், உயரத்திலும் வைக்காதீர்கள். அந்த அகலமான மெல்லிய இலைக்குக் காற்றுதான் எதிரி. வேர் எடுக்கும் நீரைவிட இலை இழக்கும் நீர் அதிகமானால் ஓரம்தான் முதலில் கருகும், குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகமிருந்தாலும் அதே அறிகுறிதான். தரையில், சுவர் மூலையில், நேர் வெயில் படாத இடத்தில், சுற்றிலும் மற்றத் தொட்டிகளை நெருக்கி வையுங்கள். முடிந்தால் மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். கருகிய ஓரம் திரும்பப் பச்சையாகாது, புது இலையைப் பார்த்துத்தான் முன்னேற்றத்தைக் கணிக்க வேண்டும். நத்தைக்கு இந்தச் செடி மிகவும் பிடிக்கும், இரவில் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பொறுமையாக இருங்கள், கறுப்பு இறக்கை விரித்து, ஓர் அடிக்கும் மேல் நீளமான மீசைகளைத் தொங்கவிட்டு அது பூக்கும்போது அதற்கு நிகரான பூ இல்லை என்பேன்.

விதை விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்குக் கோபமே உண்டு. நீல ரோஜா விதை என்று ஒன்று கிடையாது. ரோஜாவில் நீல நிறமியைச் செய்யும் மரபணு இயல்பாக இல்லை. சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றத்தால் உருவாக்கி 2009இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாகூட வெட்டுப்பூவாகத்தான் வந்தது, நிறமும் நீலம் கலந்த ஊதாதான், படத்தில் காட்டுகிற வானநீலம் அல்ல. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது, முளைக்கத் தேவையான சேமிப்பு உணவு அதில் இல்லை, காட்டில் ஒரு பூஞ்சை உதவி செய்தால்தான் முளைக்கும். 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த அகார் என்ற கடற்பாசிக் கூழில் பூஞ்சை இல்லாமலே முளைக்கவைத்துக் காட்டினார், அன்றிலிருந்து இன்றுவரை அது ஆய்வகக் குடுவை வேலை. தொட்டி மண்ணில் தூவி ஆர்க்கிட் வளராது. அதிலும் குரங்கு முக ஆர்க்கிட் மேகம் தவழும் குளிர்ந்த மலைக்காட்டுச் செடி, உங்கள் புழுக்கத்தில் நாற்றாக வாங்கினாலும் நிற்காது. பணத்தைச் செடியாக, வேரோடு, கண்ணால் பார்த்து வாங்குவதில் போடுங்கள்.

அடுத்து என்ன வாங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கூடையில்தான் முழு அழகையும் காட்டும் செடிகள் சில இருக்கின்றன. ஆர்க்கிட் ஆசை இருந்தால் ஸ்டான்ஹோப்பியா. அதன் பூந்தண்டு மேலே வராது, கலவையைத் துளைத்துக்கொண்டு கூடையின் அடியிலிருந்து தலைகீழாக வெளிவரும், சாதாரணத் தொட்டியில் வைத்தால் மொட்டு உள்ளேயே முட்டி அழுகிவிடும். மரச்சட்டக் கூடையோ கம்பிக் கூடையோ, அதில் பாசி, பட்டைத் துண்டு. பூ மூன்று நாள்தான் நிற்கும், மணம் வீடு முழுக்க வரும். முதல் வருடத்தில் கொஞ்சம் எளிதானது வேண்டுமென்றால் இரவு ராணி கள்ளி, நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். அதன் தட்டையான தண்டின் ஓர மடிப்புகளில் மொட்டு வந்து, ஒரே இரவில் விரிந்து காலையில் துவண்டுவிடும். ஹோயாவுக்குச் சொன்ன கலவையே போதும்.

அக்கிமெனஸ் கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். ஒரு விரல்நுனி அளவுச் சின்னக் கிழங்குகள், பத்துப் பதினைந்தை ஒரு கூடையில் ஒரு அங்குல ஆழத்தில் நட்டால் சில மாதத்தில் கூடையே தெரியாமல் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் பூத்துத் தொங்கும். ஒரே நிபந்தனை, வளரும் பருவத்தில் ஒருமுறை கூட முழுக்கக் காய விடக் கூடாது, காய்ந்தால் பருவம் முடிந்தது என்று உறக்கத்துக்குப் போய்விடும். உறங்கும் காலத்தில் செடி செத்ததென்று கூடையைக் கொட்டிவிடாதீர்கள், கிழங்கு உள்ளேதான் இருக்கும், காய்ந்த நிலையில் அப்படியே ஓரமாக வையுங்கள். செங்காந்தளும் இதே மாதிரி உறங்கும் செடிதான், ஆழமான தொட்டியில் கிழங்கைப் படுக்கவைத்து நட்டு, இலை நுனி சுருண்டு பிடித்துக்கொள்ள மெல்லிய கம்பி கொடுக்க வேண்டும். கிழங்கில் கொல்கிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ இருக்கும் வீடென்றால் இதை வேண்டாமென்றே சொல்வேன். காற்று அடிக்கும் பக்கத்துக்கு இலை அகலமான எதையும் யோசிக்காதீர்கள், இலையே இல்லாதது போல மெல்லிய பச்சைக் குச்சிகளோடு சிவப்புக் குழல் பூக்களைக் கொட்டும் ரஸ்ஸலியா அங்கே நிற்கும். ஜேடு கொடியின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அது மரங்களின் உச்சிவரை ஏறும் கொடி, கூடைக்கு அடங்காது.

கிறிஸ்துமஸ் கள்ளி வாங்கினால் ஒரு எச்சரிக்கை. மொட்டு வைக்க அதற்குத் தினமும் 12 மணி நேரத்துக்கு மேல், ஆறு வாரம் போல, இடைவெளியில்லாத இருட்டு வேண்டும். பால்கனி விளக்கோ தெருவிளக்கோ இரவெல்லாம் படுகிற இடத்தில் அது பூக்காமலே இருக்கும்.

உரத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மண்ணில்லாத கலவையில் சத்து தண்ணீரோடு கழுவிப் போய்க்கொண்டே இருக்கும், அதனால் பூச்செடிகளுக்கான நீரில் கரையும் உரத்தை, பொட்டலத்தில் போட்ட அளவில் கால் பங்காகக் கரைத்து, செடி வளரும் மாதங்களில் வாரம் ஒருமுறை. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள்.

புதிதாக வாங்கும் செடி வீட்டுக்கு வந்ததும் குட்டையாக, அடர்த்தியாக, பூவோடு இருக்கும், சில மாதத்தில் நெட்டையாகிவிடும். பலர் தன் கவனிப்பைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். பண்ணைகளில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுத்து அனுப்புவது சகஜம், அதன் வேகம் தீர்ந்ததும் செடி தன் இயல்புக்குத் திரும்புகிறது, நுனி கிள்ளிப் பழக்கிக்கொள்ளலாம். வந்த செடியை இரண்டு மூன்று வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்து, பூச்சி இல்லையென்று தெரிந்த பிறகு சேருங்கள். நிலைத்துவிட்டது என்று தோன்றியதுமே இரண்டு குச்சி வெட்டித் தனியாக வேர்விட வையுங்கள், எளிதில் கிடைக்காத செடிக்கு இதைவிட நல்ல காப்பீடு இல்லை.

இந்த வாரம் லிப்ஸ்டிக்கையும் ஹோயாவையும் செம்மண்ணிலிருந்து விடுவித்து, வௌவால் பூவைத் தரைக்கு இறக்கிக் கலவையை மாற்றுங்கள். மாற்றிய பத்து நாளைக்கு உரம் வேண்டாம், மூன்றையும் நிழலில் வையுங்கள். வௌவால் பூவின் அடுத்த இலை ஓரம் கருகாமல் விரிந்தால் இடம் சரி. அதுவும் கருகினால் நீங்கள் ஊற்றும் தண்ணீர் குழாய் நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா, தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.